சீனத் துறைமுகத்தில் ஒரு சிவாலயம்

சீன நாட்டின் தென்கிழக்கில், பூஜியன் மாகாணத்தில், ஜின் ஆற்றின் கரையில் அமைந்தது சுவான்சௌ நகரம். அதன் பழைய நகர்ப்பகுதிக்கு லீசெங் என்று பெயர். கெண்டைமீன் நகரம் என்பது பொருள். மதில் சூழ்ந்த ஊர் கெண்டைமீன் வடிவில் இருந்ததால் வந்த பெயர் என்பர். ஊரைச் சுற்றி முள்முருங்கை மரங்கள் நிறைந்திருந்தன. அம்மரத்தின் சீனப் பெயரே அயல்நாட்டு வணிகர் நாவில் 'சைத்தூன்' ஆயிற்று. மார்க்கோ போலோ வியந்து பாராட்டிய சைத்தூன் துறைமுகம் இதுவே.

1087-ஆம் ஆண்டில் சோங் பேரரசு இங்குக் கடல்வாணிக அலுவலகம் ஒன்றை நிறுவியது. அராபியரும் பாரசீகரும் வந்து குடியேறினர். தமிழ் வணிகரும் வந்தனர். தங்கிய ஊரில் கோயில் இன்றி நம்மவர் இருப்பாரோ?

1956-இல் இந்நகரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு அதற்கு விடை கூறுகிறது. சகாப்தம் 1203, சித்திரைத் திங்கள், சித்திரை நாள், அதாவது கி.பி. 1281. சம்பந்தப் பெருமாள் என்னும் தவச்சக்கரவர்த்திகள், கானின் ஆணைப்படி, அவர் திருமேனி நலமுற வேண்டி, சிவபெருமானை எழுந்தருளச் செய்தார் என்கிறது அது. அந்தக் கான், சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய்கான் என்பது அறிஞர் கருத்து. கல்லின் அடியில் சீன எழுத்தும் ஒரு வரி உண்டு.

அவ்வாலயம் இன்று இல்லை. பதினான்காம் நூற்றாண்டில் மங்கோலியர் ஆட்சி முடியும் தறுவாயில் மூண்ட கலகங்களில் அது அழிந்தது. பின்வந்த மிங் அரசர்கள் கடல்வாணிகத்தைக் கட்டுப்படுத்தவே, துறைமுகமும் ஒளி மங்கியது.

ஆனால் கற்கள் மறையவில்லை. கி.பி. 686-இல் தோன்றிய கையுவான் பௌத்த ஆலயம் லீசெங்கில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. அதன் பெருமண்டபத்தின் பின்புறத் தூண்கள் இரண்டில், மருதமரங்களுக்கிடையே உரலிழுக்கும் கண்ணனையும், இரணியனை மடியிற் கிடத்திய நரசிம்மரையும் காணலாம். மண்டபத்தின் அடித்தளத்தில் மனித முகமும் சிங்க உடலும் கொண்ட சிற்பப் பலகைகள் 70-க்கும் மேல் உள்ளன. புத்தரின் சந்நிதியை இன்று தாங்கி நிற்பவை நம் கோயிற் கற்களே!

நகரில் கிடைத்த பிற சிற்பங்களுள் இரண்டு நெஞ்சை உருக்குபவை. ஒன்றில் யானை சிவலிங்கத்தை வழிபடுகிறது. திருவானைக்காவை நினையாமல் அதைக் காண்பது அரிது. மற்றொன்றில் பசு லிங்கத்தின்மீது பால் சொரிகிறது. உள்ளூர் ஆசிரியர் ஊ வென்லியாங் இத்தகைய கற்களைத் தேடித்தேடிச் சேர்த்துக் காத்தார். பல கற்கள் இன்று கடல்வாணிக அருங்காட்சியகத்தில் உள்ளன.

அருகிலுள்ள சிதியன் என்னும் சிற்றூரில் நான்கு கரங்களுடன் அமர்ந்த தெய்வச் சிலை ஒன்று சிறு கோயிலில் இருக்கிறது. அதுவும் பழைய இந்துக் கோயிலைச் சேர்ந்தது என்பர். ஊர்மக்களுக்கு அது கருணைத் தெய்வமான குவான்யின். காலந்தோறும் அவர்கள் அதன் முன் ஊதுவத்தி ஏற்றி வணங்கி வருகின்றனர்.