தண்ணீருக்குள்ளும் எரியும் பிலிம்!
எத்தனை உயிர்களைக் குடித்தது தெரியுமா?

ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்று ஓர் ஊர். 1929-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 31-ந் தேதி. மறுநாள் புத்தாண்டு. ஊரெங்கும் ஒரே கொண்டாட்டம்.

பெரியவர்களுக்கு வீட்டில் வேலை இருந்தது. ஆகவே குழந்தைகளைச் சினிமாவுக்கு அனுப்பி வைத்தார்கள். "கிளென் சினிமா" என்ற கொட்டகையில், பிற்பகலில் குழந்தைகளுக்காகவே ஒரு காட்சி. நூற்றுக்கணக்கான சிறுவர் சிறுமியர் நெருக்கி அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு ரீல் ஓடி முடிந்தது. மேலே கருவி அறையில் இருந்தவர்கள் அதைக் கழற்றித் தகர டப்பாவில் போட்டார்கள். டப்பாவை ஒரு பாட்டரியின் மேல் வைத்தார்கள். அதுதான் வினை! மின்சாரம் டப்பாவின் வழியே பாய்ந்தது. டப்பா சூடேறியது. உள்ளே இருந்த பிலிம் புகையத் தொடங்கியது.

டப்பாவை வெளியே தூக்கிக்கொண்டு போக முயன்றார்கள். முடியவில்லை. கரும்புகை கொட்டகைக்குள் புகுந்தது.

"தீ!" என்று யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். குழந்தைகள் எழுந்து ஓடினார்கள். திரைக்குப் பக்கத்தில் இருந்த வாசலை நோக்கிப் பாய்ந்தார்கள். அங்கே இரும்புக் கதவு ஒன்று மூடியிருந்தது. முன்னால் போனவர்கள் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் விழுந்தார்கள்.

71 குழந்தைகள் மாண்டார்கள்.

அவர்களில் ஒருவரைக்கூட நெருப்பு தொடவில்லை! நெரிசலும் புகையும்தான் அவர்களைக் கொன்றன. அத்தனைக்கும் காரணம், ஒரே ஒரு டப்பாவுக்குள் இருந்த ஒரே ஒரு ரீல்.

பிலிமா, வெடிமருந்தா?

ஒரு ரீலுக்கு இத்தனை வேகம் எப்படி வந்தது?

அந்தக் காலத்து சினிமா பிலிம், நைட்ரேட் என்ற பொருளால் ஆனது. 1889-ம் ஆண்டு அமெரிக்காவில் ஈஸ்ட்மன் கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு போட்டோ எடுப்பவர்கள் கண்ணாடித் தகட்டைத்தான் நம்பி இருந்தார்கள். கண்ணாடியைச் சுருட்ட முடியுமா? இந்தப் பிலிமைச் சுருட்டலாம், வளைக்கலாம், சக்கரத்தில் ஓட்டலாம். கண்ணாடி போலவே ஒளியும் ஊடுருவும். சினிமா பிறந்ததே இதனால்தான்.

பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துச் செய்வது இது. அதே முறையில், அமிலத்தின் அளவைக் கூட்டிச் செய்தால் பீரங்கிக்குப் போடும் வெடிபஞ்சு கிடைக்கும். பிலிமும் வெடிபஞ்சும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

விறகு எரிய வேண்டுமானால் காற்று வேண்டும். மண்ணைப் போட்டு மூடினால் அணைந்துவிடும். நைட்ரேட் பிலிம் அப்படி அல்ல. எரிவதற்கு வேண்டிய பிராணவாயு அதன் உடம்பிலேயே இருக்கிறது. மண்ணைப் போட்டாலும் எரியும். தண்ணீரில் அமுக்கினாலும் எரியும். எரியும்போது விஷப்புகையும் கக்கும்.

ஆஸ்பத்திரியில் நடந்த கொடுமை

பெய்ஸ்லி துயரத்துக்கு ஏழு மாதம் முன்னால், அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் இன்னொரு கொடுமை நடந்தது. அது சினிமாக் கொட்டகை அல்ல, புகழ்பெற்ற ஆஸ்பத்திரி.

அந்தக் காலத்தில் எக்ஸ்ரே படங்களையும் நைட்ரேட் பிலிமில்தான் எடுத்தார்கள். நோயாளிகளின் பழைய எக்ஸ்ரே படங்கள் கட்டுக் கட்டாகக் கீழ்த்தளத்து அறை ஒன்றில் இருந்தன. 1929-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி அவை சூடேறிப் புகைந்தன. பிறகு வெடித்தன.

மஞ்சளும் பழுப்புமாக விஷவாயு மேலே கிளம்பியது. மாடிப்படி வழியாகவும் சுவரின் இடுக்குகள் வழியாகவும் ஒவ்வொரு மாடிக்கும் ஏறியது. நோயாளிகள், நர்சுகள், டாக்டர்கள் என்று 123 பேர் மாண்டார்கள். அந்த ஆஸ்பத்திரியை நிறுவிய டாக்டர்களில் ஒருவரும் அதில் உயிர் இழந்தார்.

நோயைக் கண்டுபிடிக்க எடுத்த படமே எமன் ஆகிவிட்டது!

நெருப்போடு விளையாட்டு

சினிமாப் படம் ஓடும் விதத்தைப் பார்த்தால் ஆபத்து இன்னும் நன்றாகப் புரியும்.

ஓர் அடி நீளப் பிலிமில் 16 படங்கள் இருக்கும். ஒரு வினாடிக்கு 24 படங்கள் திரையில் விழ வேண்டும். ஆயிரம் அடி ரீல் 11 நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும்.

ஒவ்வொரு படமும் விளக்கின் முன்னால் ஒரு கணம் நின்று, பிறகு நகர வேண்டும். அந்த விளக்கு சாமானியமானது அல்ல. இரண்டு கரிக்குச்சிகளை எதிர் எதிராக வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். நடுவே கண் கூசும் ஒளி பிறக்கும். அத்தனை ஒளியும் சூடும் ஒரு தபால்தலை அளவு பிலிமின் மேல் குவியும்.

பிலிம் ஓடிக்கொண்டே இருந்தால் பயம் இல்லை. எங்காவது சிக்கி நின்றதோ, போச்சு! ஒரு நொடியில் அந்தப் படம் கொப்பளித்துக் கருகும். திரையில் கதாநாயகி முகம் உருகி வழிவது போல் தெரியும். பழைய ரசிகர்கள் விசில் அடிப்பார்களே, அது அந்த நேரம்தான்.

இதனால்தான் கருவியிலேயே பல காவல்களை வைத்தார்கள்.

முதல் காவல்: ஓட வேண்டிய ரீலும் ஓடி முடிந்த ரீலும் மேலும் கீழும் இரும்புப் பெட்டிகளுக்குள் இருக்கும். பிலிம் வந்து போகும் வாய் மிகக் குறுகலானது. அதில் உருளைகள் நெருக்கமாக இருக்கும். நெருப்பு பெட்டிக்குள் நுழைய முடியாது.

இரண்டாம் காவல்: கருவியின் வேகம் குறைந்தால் ஓர் இரும்புத் தகடு தானாக விழும். விளக்குக்கும் பிலிமுக்கும் நடுவே அது மறைத்துக்கொள்ளும்.

மூன்றாம் காவல்: ஆபரேட்டர் அறையே ஒரு சிறு கோட்டை. சுவர் கனமானது. படம் வெளியே வரும் சிறிய சன்னலுக்கு இரும்பு மூடி உண்டு. அந்த மூடியைத் தாங்கும் கம்பியில், சிறு சூட்டிலேயே உருகும் ஓர் உலோகத் துண்டைக் கோத்திருப்பார்கள். உள்ளே தீப்பிடித்தால் அது உருகும். மூடி 'படார்' என்று விழும். கொட்டகையில் இருப்பவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

உள்ளே இருக்கும் ஆபரேட்டர்? அவர் கதவைத் தேடி ஓட வேண்டியதுதான். நாம் சிரித்தும் அழுதும் படம் பார்த்த நேரத்தில், நம் தலைக்குப் பின்னால் ஒரு மனிதர் நெருப்பைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார்!

உயிர் கொடுத்து வாங்கிய சட்டம்

இந்தக் காவல்கள் சும்மா வந்துவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சாவுக் கணக்கு இருக்கிறது.

1897-ம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி, பாரிஸ் நகரில் தர்மத்துக்குப் பணம் திரட்ட ஒரு சந்தை நடந்தது. அங்கே சினிமாவும் காட்டினார்கள். விளக்குக்கு ஈதர் என்ற திரவத்தை ஊற்றும்போது தீப்பற்றியது. மரமும் துணியுமாகக் கட்டிய கூடம் பற்றி எரிந்தது. 126 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்கள். ஆஸ்திரியச் சக்கரவர்த்தினியின் தங்கையும் அவர்களில் ஒருவர்.

1909-ம் ஆண்டு பிரிட்டன் சினிமாச் சட்டம் கொண்டுவந்தது. படம் காட்டும் கருவியைத் தீப்பிடிக்காத தனி அறையில் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. இந்தியாவில் 1918-ம் ஆண்டு சினிமாச் சட்டம் பிறந்தது. பெய்ஸ்லி துயரத்துக்குப் பிறகு பிரிட்டனில் விதிகள் இன்னும் கடுமையாயின. கொட்டகைகளுக்கு வாசல்கள் அதிகமாயின. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், கை வைத்துத் தள்ளினாலே திறந்துகொள்ள வேண்டும் என்று விதி வந்தது.

வைத்திருந்தாலும் ஆபத்து!

நைட்ரேட் பிலிம் ஓடும்போதுதான் ஆபத்து என்று எண்ணக்கூடாது. சும்மா டப்பாவில் கிடந்தாலும் அது கெடும். முதலில் நிறம் மங்கும். பிறகு பசை போல் ஒட்டும். தேன் போல் நுரைத்து வரும். பிறகு கட்டியாக இறுகும். கடைசியில் பழுப்புப் பொடியாக உதிரும்.

இப்படிக் கெட்டுப்போன பிலிம், அடைத்த அறையில் நீண்ட நேரம் 41 டிகிரி சூட்டில் இருந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டியது இல்லை. 41 டிகிரி என்பது வேலூரிலும் திருச்சியிலும் கத்திரி வெயிலில் சாதாரணமாக அடிக்கும் சூடு!

1937-ம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் அனல் வீசியது. பாக்ஸ் கம்பெனியின் படக் கிடங்கு தானாகவே தீப்பிடித்தது. அந்தக் கம்பெனியின் பேசாத படங்களில் பெரும்பகுதி ஒரே இரவில் சாம்பலாயிற்று. இந்தியாவிலும் 2003-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி, புனே நகரில் பழைய நைட்ரேட் சுருள்கள் இருந்த கிடங்கு எரிந்தது. திரும்பக் கிடைக்காத பல படங்கள் போயின.

தீ தின்றது போக, மனிதனும் அழித்தான். பிலிமில் வெள்ளி இருக்கிறது. ஓடி முடிந்த படத்தைக் கரைத்து வெள்ளி எடுத்தவர்கள் உண்டு. பிரான்சில் மெலியே என்ற மேதை எடுத்த படங்கள் பலவற்றை, முதல் உலகப் போரின்போது பட்டாளம் எடுத்துக்கொண்டது. எதற்குத் தெரியுமா? உருக்கிப் பூட்சுக்குக் குதிகால் செய்வதற்கு!

தமிழ்ப் படங்கள் எங்கே?

1905-ம் ஆண்டு, திருச்சியில் ரெயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் இருந்து படக்கருவியும் சில பிலிம்களும் வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். பின்னர் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். தென்னாட்டில் சினிமா வேரூன்றிய கதை அது.

நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த "கீசக வதம்" தென்னாட்டின் முதல் பேசாத கதைப்படம். இன்று அது இல்லை. 1931-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி வெளியான "காளிதாஸ்", தமிழ் பேசிய முதல் படம். டி.பி.ராஜலட்சுமி நடித்தது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. தமிழ் சினிமா முதன்முதலில் பேசிய குரலை இனி யாரும் கேட்க முடியாது.

இந்தியாவில் படங்களைப் பாதுகாக்க, 1964-ம் ஆண்டுதான் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தொடங்கியது. பி.கே.நாயர் என்பவர் ஊர் ஊராக அலைந்து டப்பா டப்பாவாகச் சேர்த்தார். பால்கே எடுத்த "ராஜா அரிச்சந்திரா" படத்தில் மிஞ்சிய பகுதி இன்று இருக்கிறது என்றால், அதற்கு அவருடைய பாடும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் கல்பெப்பர் என்ற ஊரில் ஒரு மலைக் கிடங்கு இருந்தது. அணுகுண்டுப் போர் வந்தால் வேண்டும் என்று டாலர் நோட்டுகளைப் பதுக்கி வைத்த இடம் அது. அந்த இடத்தில் இப்போது பழைய படங்களைக் காக்கிறார்கள். நைட்ரேட் பிலிமுக்கு மட்டும் 124 அறைகள். எப்போதும் 4 டிகிரி குளிர். ஒரு டப்பா எரிந்தாலும் அடுத்த டப்பாவுக்குத் தாவாதபடி தடுப்புகள். பணம் இருந்த இடத்தில் படம்!

உங்கள் வீட்டுப் பெட்டியில்?

1950-களின் தொடக்கத்தில் நைட்ரேட் பிலிம் தயாரிப்பு நின்றது. எளிதில் தீப்பிடிக்காத "சேப்டி" பிலிம் வந்தது. வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் காட்டுவதற்காக 1923-ல் வந்த 16 மில்லிமீட்டர் பிலிம், தொடக்கத்தில் இருந்தே சேப்டி பிலிம்தான்.

ஆனால் இதற்கும் ஒரு நோய் உண்டு. சூடும் ஈரமும் பட்டால் காடி நாற்றம் அடிக்கும். சுருங்கும், வளையும். ஒரு டப்பாவில் தொடங்கிய நோய் பக்கத்து டப்பாவுக்கும் தொற்றும்.

தாத்தா காலத்து போட்டோ நெகட்டிவ்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஓரத்தில் "சேப்டி" என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கவலை இல்லை. தகரக் கூரைக்கு அடியில் பரணில் போடாமல், ஈரம் இல்லாத குளிர்ந்த இடத்தில் காகித உறையில் வையுங்கள். அந்தச் சொல் இல்லாமல், பிலிமும் மிகப் பழையதாக இருந்தால், அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். காற்றுப் புகாமல் இறுக்கி மூடாதீர்கள். விவரம் தெரிந்த போட்டோக்காரரிடம் காட்டிப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

குப்பையில் மட்டும் எறிந்துவிடாதீர்கள். உங்கள் பாட்டி மணப்பெண்ணாக நின்ற கோலம், அந்த ஒரு துண்டுப் பிலிமில் மட்டுமே இருக்கலாம்.