அறிவாற்றலும் மனக்கலக்கமும்

அறிவு மிக்கோர்க்கு மனக்கலக்கமும் மிகுதி என்பர் பலர். பிரசங்கி 1:18-ஐயும் சான்றாகக் காட்டுவர். அவ்வசனம் பேசுவது மனநோயை அன்று. உலகின் பொருளின்மையைக் கண்டவனின் நோவையே.

அமெரிக்க மென்சா சங்கத்தாரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வு அவ்வெண்ணத்தை ஆதரித்தது. ஆயின், அவர்கள் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள். அறிவுடையோர் அனைவர்க்கும் பிரதிநிதிகள் அல்லர். பிரிட்டனின் பெருந்தொகுப்பைக் கொண்டு 2022இல் வெளியான ஆய்வோ, அறிவாற்றல் மிக்கோரிடம் பொதுவான மனக்கலக்கம் சற்றுக் குறைவெனக் கண்டது. கீர்க்கெகார்டும் 1844இல் எழுதிய நூலில் இக்கலக்கத்தை மதிநுட்பத்தோடு இணைக்கவில்லை. தன் சுதந்திரத்தை எதிர்நோக்கும் மனிதனின் ஆவியோடே இணைத்தார்.

எனவே, கலங்கி வரும் மாணவனை, 'அறிவாளிகளுக்கு இது இயல்பு' என்று நாம் அனுப்பிவிடலாகாது. அவிசுவாசமென்று கடிதலும் ஆகாது. முதலில் செவிகொடுப்போம், தேவையாயின் மருத்துவரிடம் உடன்செல்வோம்.