மனைவி பெயரில் ஏஜென்சி, கணவர் கையில் வேலை: இது கூடுமா?



"ஹஜ்ரத், நான் கவர்மெண்ட் வேலையில் இருக்கிறேன். வீட்டம்மா பெயரில் இன்சூரன்ஸ் ஏஜென்சி எடுத்துவிட்டு, பாலிசி பிடிப்பதை நானே பார்த்துக்கொண்டால் கூடுமா?"

புதுச்சேரியில் நம்மிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்கள் கமிஷன் ஹலாலா, ஹராமா என்பதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் பத்தாண்டுகளாக மாறிவரும் சட்டம் கேட்பது வேறொன்று. ஏஜென்ட் உண்மையில் யார்? மார்க்கமும் அதையேதான் கேட்கிறது.

கமிஷன் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். வழக்கமான வணிகக் காப்பீட்டில் கரர் (நிச்சயமின்மை) கலந்திருப்பதால் அது கூடாது என்றும், கூட்டுறவு முறையிலான காப்பீடு கூடும் என்றும் 1985-இல் ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. மலேசியா அதற்கு முந்தைய ஆண்டே தகாஃபுலுக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. இலங்கையிலும் தகாஃபுல் நிறுவனம் உண்டு. இந்தியக் காப்பீட்டுச் சட்டத்தில் தகாஃபுலுக்கென்று தனி வகை இல்லை. ஆகவே சேமிப்பும் வட்டியும் சேர்ந்த ஆயுள் பாலிசிகளை விற்றுப் பிழைக்கும்படி நாம் யாருக்கும் ஆலோசனை சொல்வதில்லை. வாகனத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு வேறு விஷயம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி அது கட்டாயம். பிஒய் நம்பர் பிளேட் வண்டிகள் நிறைந்த நம் ஊரில் அதில் யாராவது ஒருவர் ஏஜென்டாக இருந்துதான் ஆகவேண்டும். மருத்துவக் காப்பீட்டில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவரவர் தேவையை மஹல்லா ஆலிமிடம் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி சட்டத்துக்கு வருவோம்.

முன்பு ஏஜென்ட் லைசென்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பெயரில் வந்தது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2015-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத் திருத்தம் அந்த லைசென்ஸ் முறையை எடுத்துவிட்டது. 2016 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ விதிமுறைப்படி, தேர்வில் தேறியவரைக் கம்பெனியே ஏஜென்டாக நியமித்து நியமனக் கடிதம் தருகிறது. "லைசென்ஸையே எடுத்துவிட்டார்கள், கெடுபிடி குறைந்துவிட்டது" என்று சிலர் இதைப் புரிந்துகொண்டார்கள். நடந்தது நேர்மாறு. தகுதியில்லாதவரை நியமித்தால் கம்பெனிக்கு ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதே திருத்தம் சொன்னது. நியமனம் இல்லாமல் ஏஜென்ட் வேலை பார்ப்பவருக்குப் பத்தாயிரம் வரை. ஏஜென்ட்கள் எல்லோருடைய பெயரும் ஒரே மத்தியப் பட்டியலில் இருக்கிறது. கறுப்புப் பட்டியலும் தனியாக உண்டு. நியமிக்கும் முன் கம்பெனி பான் எண்ணைப் போட்டு இரண்டையும் பார்த்துவிடும்.

இப்போது அந்த அரசு ஊழியரின் கேள்விக்குத் திரும்புவோம். மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள், 1964-இன் 15-ஆவது விதி இதைப் பெயர் சொல்லியே பேசுகிறது. மனைவியோ குடும்பத்தாரோ நடத்தும் இன்சூரன்ஸ் ஏஜென்சிக்காக ஊழியர் ஆள் திரட்டினால் அதுவே விதிமீறல். குடும்பத்தில் ஒருவர் ஏஜென்சி வைத்திருந்தால் அரசுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். புதுச்சேரி அரசு ஊழியர்கள் இந்த விதிகளுக்கு உட்பட்டவர்கள். தெரிவித்துவிட்டு, மனைவி தாமே படித்து, தாமே பாலிசி விற்றால் அதில் தடை இல்லை. தடை இருப்பது கணவர் அவருக்காக ஆள் பிடிப்பதில்தான்.

மார்க்கச் சட்டத்தில் ஏஜென்ட் என்பவர் வக்கீல், அதாவது பிறர் சார்பில் காரியம் செய்யப் பொறுப்பேற்றவர். நியமித்தவரின் அனுமதியில்லாமல் வக்கீல் அந்தக் காரியத்தை இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது என்பது ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டு மத்ஹபுகளிலும் பொதுவான விதி. கம்பெனி நியமித்தது மனைவியை. கணவருக்கு அந்த அனுமதியை யாரும் தரவில்லை. முன்மொழிவுப் படிவத்தில் ஏஜென்ட் கையெழுத்துப் போடும் இடத்தில், வாடிக்கையாளரைப் பார்த்தே இராத ஒருவர் அவரை விசாரித்ததாகக் கையெழுத்திடுகிறார். அது பொய்ச் சாட்சியம். பிறகு வரும் பணம் யாருடையது? ஒப்பந்தம் அவருடன், உழைப்பு இவருடையது. ஜகாத் யார்மீது? ஒருவர் மௌத்தாகிவிட்டால் அது யாருடைய சொத்தாகப் பங்கிடப்படும்? தலாக், குலஃ என்று வந்து நிற்கும் குடும்பங்களில் இந்தக் கணக்கு எப்படிப் புகைகிறது என்பதை ஜமாஅத்தில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள். ஏதாவது புகார் வந்தால் கறுப்புப் பட்டியலுக்குப் போவது அந்தப் பெண்ணின் பான் எண்தான், கணவருடையது அல்ல.

இன்னொரு பழக்கம், முதல் பிரீமியத்தை ஏஜென்டே கட்டிவிடுவது, அல்லது கமிஷனில் பாதியைத் திருப்பிக் கொடுப்பது. "நம் பங்கை நாமாக விட்டுக்கொடுக்கிறோம், இதில் என்ன பாவம்?" என்று கேட்கிறார்கள். காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு இதைத் தடுக்கிறது. 2015 திருத்தம் அபராதத்தைப் பத்து லட்சம் வரை உயர்த்தியது. தடுத்ததற்குக் காரணம் உண்டு. இலவசம் என்று சேர்ந்தவர் இரண்டாம் தவணை கட்டமாட்டார், பாலிசி காலாவதியாகும். கடைசியில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பது அந்தக் குடும்பம்தான்.

சர்க்கரை, இரத்த அழுத்தத்தை மறைத்து எழுதச் சொல்வது இவற்றையெல்லாம்விட மோசம். வியாபாரத்தில் குறையை மறைப்பதை ஃபிக்ஹில் தத்லீஸ் என்போம். முக்கியத் தகவலை விட்டுவிடும்படி வாடிக்கையாளரைத் தூண்டக் கூடாது, கேட்டால் தன் கமிஷன் எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டும், இழப்பீட்டுத் தொகையில் பங்கு கேட்கக் கூடாது என்று 2016 விதிமுறையின் நடத்தை நெறியும் சொல்கிறது. இந்த மூன்றையும் ஒரு மார்க்க அறிஞர் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பார்.

நாமினி விஷயத்தை நம் ஏஜென்ட்கள் பெரும்பாலும் சொல்வதே இல்லை. 2015 திருத்தத்துக்குப் பின் 39-ஆவது பிரிவின்படி பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களைப் பணத்துக்கு உரியவர்களாகவே சட்டம் குறிப்பிடுகிறது. வாரிசுகளின் உரிமை அதற்குப் பிறகும் நிற்கிறதா என்பதில் வழக்குகள் நடந்திருக்கின்றன. ஃபராயிழ் சட்டப்படி தாய்க்கும் மகளுக்கும் சேரவேண்டிய பங்கு ஒரு பெயருக்குள் முடங்கிப்போகலாம். கையெழுத்து வாங்குவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் மீண்டும் காப்பீட்டுச் சட்டங்களைத் திருத்தியது. அந்நிய முதலீட்டு வரம்பு 74-இலிருந்து 100 சதவீதமானது. புரோக்கர் போன்ற இடைத்தரகர்களுக்கு அவ்வப்போது புதுப்பிக்கும் முறை போய் ஒருமுறைப் பதிவு வந்தது. தனி ஏஜென்ட் பல கம்பெனிகளுக்கு விற்கலாம் என்று முன்பு பேசப்பட்ட யோசனை அதில் இடம்பெறவில்லை. ஆயுள், பொது, மருத்துவம் என்று வகைக்கு ஒரு கம்பெனி என்ற பழைய நிலையே தொடர்கிறது. "இனி எல்லாக் கம்பெனியும் விற்கலாம், எங்களிடம் பணம் கட்டிச் சேருங்கள், ஆள் சேர்த்தால் அதற்கும் கமிஷன்" என்று அழைப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். காப்பீட்டில் ஆள் சேர்க்கும் சங்கிலி வியாபாரத்தை 42ஏ பிரிவு தடை செய்திருக்கிறது.

கூடும் என்று தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து, தம் சொந்தப் பெயரிலேயே வர விரும்பும் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஐசி-38 தேர்வு 50 கேள்விகள், தேற 35 சதவீதம், தமிழிலேயே எழுதலாம். எளிய பாலிசிகளை மட்டும் விற்க நினைப்பவர்களுக்குப் பாயின்ட் ஆஃப் சேல்ஸ் பர்சன் என்ற வழி இருக்கிறது. 15 மணி நேரப் பயிற்சியும் ஒரு தேர்வும் உண்டு. பழைய கம்பெனியை விட்டு மாறுபவர்கள் விலகல் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே புதிய இடத்தில் விண்ணப்பம் போடுங்கள்.