பனியில் ஒரு பொய்க்கால்

“பொய்க்காலோடு பனியில் விளையாட இயலுமா?” என்று நம் சங்க நண்பர் ஒருவர் கேட்டார். இயலும், அந்தக் காலின் இயல்பை அறிந்திருந்தால்.

என் வலக்கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இரண்டு குளிர்காலங்கள் பிள்ளைகளின் மேற்கோட்டுகளைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சென்ற ஜனவரியில், சிம்லாவை அடுத்த குஃப்ரியில், அவர்களோடு பனியில் இறங்கிவிட்டேன்.

நான் அணிவது ஜெய்ப்பூர்க் கால். கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் 1968-இல் உருவாக்கிய இந்த ரப்பர்ப் பாதம் ஈரத்திற்கு அஞ்சாது. ஆனால் அதற்கு உணர்ச்சி இல்லை. வழுக்கலைப் பாதம் சொல்லாது, கண்தான் சொல்லவேண்டும். ஆகவே மேட்டில் ஏறும்போது நல்ல காலையும், இறங்கும்போது பொய்க்காலையும் முன்வைத்தேன், கையில் ஊன்றுகோல்.

வாடகைப் பூட்சுகளை வேண்டாமென்றேன். குதி உயரம் கூடினால் முழங்கால் முன்னே தள்ளப்பட்டு நிலை தடுமாறும். வியர்வையில் நனைந்த உறை தோலைப் புண்ணாக்கும். நடுவில் ஒருமுறை கழற்றி, உலர்ந்த உறை மாற்றினேன்.

“அப்பா, உங்களுக்கு ஒரு பாதம்தானே குளிரும்!” என்றாள் மகள். சிரித்ததில் பிடி நழுவி விழுந்தேன். அவள் கை கொடுத்துத் தூக்கினாள்; எழுந்ததும் என் மேல் பனியுருண்டையை வீசினாள்.

நண்பரே, மேற்கோட்டுகளை இனி வேறு யாராவது காக்கட்டும்.