குழுச் சுற்றில் ஒரு ரன்னின் விலை: புள்ளிப் பட்டியலும் நிகர ரன் விகிதமும் இயங்கும் விதம்

சர்வதேச ஒருநாள் கிரிக்கெட் தொடர்களின் குழுச் சுற்றில் சம புள்ளிகள் பெற்ற இரு அணிகளில் ஒன்று அடுத்த சுற்றுக்கு முன்னேற, மற்றொன்று நாடு திரும்புவது வழக்கமாகிவிட்டது. அந்த முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நிகர ரன் விகிதம் எனப்படும் கணக்கே. தசம புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள் வரை நீளும் இக்கணக்கு எவ்வாறு போடப்படுகிறது, அதனால் அணிகளின் தலையெழுத்து எவ்வாறு மாறியுள்ளது என்பதைக் கடந்த கால ஆட்டங்கள் தெளிவாக எடுத்துக்காட்டுகின்றன.

சேப்பாக்கத்தில் தொடங்கிய கதை

புத்தூர் உள்ளிட்ட சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் தமிழ் ரசிகர்களுக்கு மிக அருகிலுள்ள சர்வதேச மைதானம் சென்னை சேப்பாக்கம் ஆகும். 1987-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் இந்தியா தனது முதல் ஆட்டத்தை அங்குதான் ஆடியது. அத்தொடரில் 8 அணிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வோர் அணியும் தனது குழுவிலுள்ள ஏனைய மூன்று அணிகளுடன் தலா இருமுறை மோதியது.

அக்டோபர் 9-ஆம் தேதி நடைபெற்ற அந்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியா 268 ரன்கள் எடுத்ததாக முதலில் கணக்கிடப்பட்டது. டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்து எல்லைக் கோட்டைத் தொடாமல் தாண்டியது. எனவே அது பவுண்டரி அல்ல, சிக்ஸர் என்று ஆஸ்திரேலிய அணி வாதிட்டது. இடைவேளையின்போது இந்திய அணித் தலைவர் கபில் தேவ் அதனை ஏற்றுக்கொண்டார். ஆஸ்திரேலியாவின் எண்ணிக்கை 270 ஆக உயர்ந்தது. பின்னர் ஆடிய இந்தியா, ஒரு பந்து மீதமிருந்த நிலையில் 269 ரன்களுக்கு அனைத்து விக்கெட்டுகளையும் இழந்தது. தோல்வியின் அளவு ஒரே ஒரு ரன்.

அந்தத் தோல்வியைத் தவிர குழுச் சுற்றின் ஏனைய 5 ஆட்டங்களிலும் இந்தியா வென்றது. ஆஸ்திரேலியாவும் 5 வெற்றிகளைப் பெற்றது. இதனால் குழுவில் முதலிடம் யாருக்கு என்பதை ரன் விகிதம் தீர்மானிக்க வேண்டியதாயிற்று. அக்டோபர் 31-ஆம் தேதி நாக்பூரில் நியூசிலாந்து 221 ரன்கள் எடுத்தபோது, முதலிடத்தைப் பிடிக்க இந்தியா அந்த இலக்கை 42.2 ஓவர்களுக்குள் எட்ட வேண்டியிருந்தது. சுனில் கவாஸ்கர் ஒருநாள் போட்டிகளில் தமது ஒரே சதத்தை அன்று அடித்தார். தமிழக வீரர் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் 75 ரன்கள் குவித்தார். 32.1 ஓவர்களிலேயே இந்தியா வெற்றி பெற்றது.

முதலிடத்தால் கிடைத்த பயன், லாகூருக்குச் செல்லாமல் மும்பையில் அரையிறுதி ஆடும் வாய்ப்பு. ஆனால் அங்கு இங்கிலாந்திடம் இந்தியா 35 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றது. இரண்டாமிடம் பெற்று லாகூர் சென்ற ஆஸ்திரேலியா, பாகிஸ்தானை வீழ்த்தி, பின்னர் கொல்கத்தாவில் கோப்பையையும் வென்றது. குழுச் சுற்றின் கணக்கு ஓர் அணிக்கு வாய்ப்பை மட்டுமே தர இயலும் என்பதற்கு அத்தொடர் சான்றாக நிற்கிறது.

நிகர ரன் விகிதம் என்பது என்ன?

ஓர் அணி குழுச் சுற்று முழுவதிலும் எடுத்த மொத்த ரன்களை, அது ஆடிய மொத்த ஓவர்களால் வகுக்க வேண்டும். அதேபோல் அந்த அணி விட்டுக்கொடுத்த ரன்களை, அது வீசிய ஓவர்களால் வகுக்க வேண்டும். முதல் விடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பதே நிகர ரன் விகிதம். ஓவர்களைக் கணக்கிடும்போது 37.1 என்பது தசம எண் அன்று. 37 ஓவர்களும் ஒரு பந்தும், அதாவது 37 ஓவர்களுடன் ஓர் ஓவரில் ஆறில் ஒரு பங்கு எனக் கொள்ளப்பட வேண்டும்.

இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. ஓர் அணி அனைத்து விக்கெட்டுகளையும் இழந்தால், அது எத்தனை ஓவர்கள் ஆடியிருந்தாலும் முழு 50 ஓவர்களும் ஆடியதாகவே கருதப்படும். எடுத்துக்காட்டாக, ஓர் அணி 50 ஓவர்களில் 300 ரன்கள் எடுத்து, எதிரணியை 40 ஓவர்களில் 250 ரன்களுக்குச் சுருட்டுகிறது எனக் கொள்வோம். எதிரணியின் விகிதம் 250-ஐ 50-ஆல் வகுத்து 5 எனக் கொள்ளப்படுவதால், வென்ற அணிக்கு 1.00 என்ற நிகர விகிதம் கிடைக்கும். இவ்விதி இல்லையெனில் எதிரணியின் விகிதம் 6.25 ஆகிவிடும், 50 ரன்கள் வித்தியாசத்தில் வென்ற அணியின் விகிதம் 0.25 குறைவு எனக் காட்டும். எதிரணியை விரைவாக வீழ்த்தியதே அதற்குப் பாதகமாக முடியும்.

லாகூரில் தவறிய கணக்கு

இக்கணக்கை அறிந்துகொள்ளாததன் விலையை 2023 ஆசியக் கோப்பையில் ஆப்கானிஸ்தான் கொடுத்தது. இலங்கை, வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று அணிகள் இடம்பெற்ற குழுவில் இரு அணிகளுக்கு மட்டுமே சூப்பர் ஃபோர் சுற்றில் இடம் இருந்தது. செப்டம்பர் 5-ஆம் தேதி லாகூரில் இலங்கை 8 விக்கெட் இழப்புக்கு 291 ரன்கள் எடுத்தது. 292 ரன்களை 37.1 ஓவர்களுக்குள் எட்டினால் ஆப்கானிஸ்தான் முன்னேறும் என்பது அனைவரும் அறிந்திருந்த கணக்கு.

முகமது நபி 32 பந்துகளில் 65 ரன்கள் விளாசினார். 37 ஓவர்கள் முடிவில் ஆப்கானிஸ்தான் 8 விக்கெட்டுக்கு 289 ரன்கள் எடுத்திருந்தது. ஒரு பந்தில் 3 ரன்கள் தேவை. அப்பந்தைத் தூக்கி அடித்த முஜீப் உர் ரஹ்மான் கேட்ச் கொடுத்து ஆட்டமிழந்தார். வாய்ப்பு முடிந்துவிட்டதாகவே அணி கருதியது. அடுத்து வந்த ஃபசல்ஹக் ஃபரூக்கி பந்துகளைத் தடுத்தாடி, 37.4-ஆவது பந்தில் எல்பிடபிள்யூ முறையில் வெளியேறினார். மறுமுனையில் ரஷீத் கான் ஆட்டமிழக்காமல் நின்றிருந்தார்.

உண்மையில் வாய்ப்பு முடிந்திருக்கவில்லை. வெற்றி ரன் சிக்ஸராக அமைந்தால் அதன் 6 ரன்களும் கணக்கில் சேரும். 37.4 ஓவர்களுக்குள் ஒரு சிக்ஸர் அடித்து 295 ரன்களை எட்டியிருந்தால், ஆப்கானிஸ்தானின் விகிதம் மைனஸ் 0.090 ஆகவும், இலங்கையின் விகிதம் மைனஸ் 0.112 ஆகவும் இருந்திருக்கும், ஆப்கானிஸ்தானே முன்னேறியிருக்கும். 291 ரன்களில் சமநிலையை எட்டிய பின் சிக்ஸர் அடித்திருந்தால் 38.1 ஓவர்கள் வரையிலும் கூட அவகாசம் இருந்தது. இந்த மாற்றுக் கணக்குகள் தங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று பயிற்சியாளர் ஜோனதன் டிராட் ஆட்டத்துக்குப் பின் கூறினார். ஆப்கானிஸ்தான் 2 ரன்கள் வித்தியாசத்தில் தோற்று வெளியேறியது.

நேரடி மோதலா, ரன் விகிதமா?

சம புள்ளிகள் பெற்ற அணிகளில், தங்களுக்குள் நடந்த ஆட்டத்தில் வென்ற அணிக்கே முன்னுரிமை தர வேண்டும் என்ற வாதமும் உண்டு. 2019 உலகக் கோப்பையில் நியூசிலாந்தும் பாகிஸ்தானும் தலா 5 வெற்றிகளுடனும், மழையால் கைவிடப்பட்ட தலா ஓர் ஆட்டத்துடனும் 11 புள்ளிகள் பெற்றன. நேரடி மோதலில் பாகிஸ்தான் வென்றிருந்தது. ஆனால் விதிப்படி வெற்றிகளின் எண்ணிக்கைக்கு அடுத்து நிகர ரன் விகிதமே பார்க்கப்பட்டது. நியூசிலாந்து 0.175, பாகிஸ்தான் மைனஸ் 0.430 என்ற நிலையில் நியூசிலாந்து அரையிறுதிக்குச் சென்று, இறுதிப் போட்டி வரை முன்னேறியது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 105 ரன்களுக்குச் சுருண்டு, 13.4 ஓவர்களிலேயே தோற்றதன் சுமையைப் பாகிஸ்தான் கடைசி வரை இறக்கி வைக்க இயலவில்லை.

மழையும் புள்ளிப் பட்டியலை மாற்ற வல்லது. 1992 உலகக் கோப்பையில் அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிராக 74 ரன்களுக்கு ஆட்டமிழந்த பாகிஸ்தானுக்கு, மழை குறுக்கிட்டதால் ஒரு புள்ளி கிடைத்தது. 9 புள்ளிகளுடன் அரையிறுதிக்கு நுழைந்து, பின்னர் கோப்பையையும் வென்ற அந்த அணிக்கு அடுத்த நிலையில் இருந்த ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் பெற்றவை தலா 8 புள்ளிகள்.

சுற்றின் நீளமும் மன்னிப்பும்

குழுச் சுற்று குறுகியதாக இருந்தால், ஒரு தோல்வியே அணியை வெளியேற்றக் கூடும். 2007 உலகக் கோப்பையில் 16 அணிகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஆட்டங்களே வழங்கப்பட்டன. வங்கதேசத்திடம் முதல் ஆட்டத்தில் தோற்ற இந்தியா, பெர்முடாவுக்கு எதிராக 413 ரன்கள் குவித்து 257 ரன்கள் வித்தியாசத்தில் வென்றது. நிகர ரன் விகிதம் பெரிதும் உயர்ந்தும் பயனில்லை. இலங்கையிடம் 69 ரன்களில் தோற்றதும் தொடர் முடிந்தது. ரன் விகிதம் புள்ளிகள் சமமாகும்போது மட்டுமே உதவும். புள்ளிகளுக்கு அது மாற்று ஆகாது.

நீண்ட லீக் சுற்று இதற்கு நேர்மாறானது. 2025 மகளிர் உலகக் கோப்பையில் 8 அணிகளும் தங்களுக்குள் தலா ஒருமுறை மோதின. ஆந்திரத்தின் விசாகப்பட்டினத்தில் தென் ஆப்பிரிக்காவிடமும் ஆஸ்திரேலியாவிடமும், பின்னர் இந்தூரில் இங்கிலாந்திடமும் இந்தியா அடுத்தடுத்து தோற்றது. எனினும் மூன்று வெற்றிகளுடனும் மழையால் கைவிடப்பட்ட ஓர் ஆட்டத்துடனும் 7 புள்ளிகள் பெற்று நான்காவது இடத்தைப் பிடித்தது. கடப்பா மாவட்டத்தைச் சேர்ந்த சுழற்பந்து வீச்சாளர் ஸ்ரீ சரணி இடம்பெற்ற அந்த அணியே அரையிறுதியில் ஆஸ்திரேலியாவை வீழ்த்தி, நவம்பர் 2-ஆம் தேதி முதன்முறையாக உலகக் கோப்பையைக் கைப்பற்றியது.

2027-ஆம் ஆண்டு ஆடவர் உலகக் கோப்பை 14 அணிகளுடன், இரு குழுக்கள் கொண்ட சுற்றாக நடைபெறும் என்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அறிவித்துள்ளது. ஒவ்வொரு குழுவிலிருந்தும் மூன்று அணிகள் சூப்பர் சிக்ஸ் சுற்றுக்குத் தகுதி பெறும். மூன்றாம் இடத்துக்கான போட்டியில், கடைசி ஓவரில் எடுக்கப்படும் ஒரு ரன்னும் முதல் ஆட்டத்தில் விட்டுக்கொடுக்கப்பட்ட ஒரு ரன்னும் ஒரே எடை கொண்டவை என்பதை அணிகள் மறவாதிருப்பது அவசியம்.