தலைமுறைச் சொத்து – 9: தாத்தாவின் ஹெரால்டு

பழைய மரச்சாமான்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியபோது, இழைத்து இழைத்துப் பளபளப்பாக்கினால் அதன் வயதையே அழித்துவிடுவோம் என்று சொல்லியிருந்தேன். காருக்கும் இது பொருந்துமா என்பதுதான் இந்த வாரக் கேள்வி. நாற்காலி ஓடாது, கார் ஓட வேண்டும். அதில் பிரேக் பிடிக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். ஆகவே காரைத் தொடாமல் வைத்திருக்க முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓடுவதற்கும் உயிர்ப் பாதுகாப்புக்கும் என்ன தேவையோ அதோடு கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதே என் கட்சி. ஷோரூமிலிருந்து நேற்று வந்ததுபோல் ஆக்கும் ஆசையில், மூன்று தலைமுறை பார்த்த ஒரு வண்டியை நாமே இல்லாமல் ஆக்கிவிடுகிறோம். எடுத்துக்காட்டாக ஸ்டாண்டர்ட் ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். அது சென்னையில் தயாரான கார். தமிழ்நாட்டு வீடுகள் சிலவற்றில் தார்ப்பாய்க்கு அடியில் இன்றும் அது நிற்கிறது.

ஹெரால்டு பழுதுபார்ப்பதற்கு வசதியான கார். அதற்குக் காரணம் ஒரு வணிக நெருக்கடி. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட்-டிரயம்ப் நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ, 1953-ல் போட்டி நிறுவனமான பி.எம்.சி.யின் கைக்குப் போய்விட்டது. சேஸிஸும் பாடியும் ஒன்றாக இணைந்த புதுப்பாணிக் காருக்குத் தேவையான பெரிய தகடுகளை அழுத்தித் தர ஆள் இல்லை. அதனால் தனி சேஸிஸ், அதன் மேல் போல்ட் போட்டு முடுக்கும் பல துண்டுகளாலான பாடி என்ற பழைய முறைக்கே திரும்பினார்கள். வடிவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. 1959-ல் அங்கே டிரயம்ப் ஹெரால்டாக வந்த கார், 1961-ல் இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டானது. பானெட்டோடு முன் மட்கார்டுகள் இரண்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். எஞ்சின் மட்டுமல்லாமல் முன் சஸ்பென்ஷனும் கண்முன்னே திறந்து கிடக்கும். டயர் மேல் உட்கார்ந்தபடியே மெக்கானிக் வேலை பார்க்கலாம். இத்தனை சுலபமாகப் பிரித்துச் சேர்க்கக்கூடிய காரை முழுசாக உரித்துப் புதிதாக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் எழுவதில்லை. கெட்ட துண்டை மட்டும் கழற்றிச் சரிசெய்யலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்துக்காரர்கள் எஞ்சினை 1147 சி.சி., பிறகு 1296 சி.சி. என்று பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். சென்னை ஹெரால்டு 948 சி.சி.யிலேயே நின்றது. மாறாக இங்கே நான்கு கதவு ஹெரால்டு செய்தார்கள், அங்கே அது விற்பனைக்கு வரவே இல்லை. இதன் விளைவை காரைப் பிரிக்கும்போதுதான் உணர முடியும். எஞ்சின் சாமான்கள் பலவற்றை இன்றும் இங்கிலாந்திலிருந்து தருவிக்கலாம். ஏனென்றால் அதே எஞ்சின் குடும்பம் வளர்ந்து வளர்ந்து 1980 வரை டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் காரில் ஓடியது. ஆனால் நான்கு கதவு வண்டியின் பின்கதவை உலகில் வேறு எங்கும் வாங்க முடியாது. துருப்பிடித்தது என்று காயலான் கடைக்குப் போட்டால் போனது போனதுதான். ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் வெட்டி, அதே கனத் தகட்டை வெல்ட் வைத்து, கதவைக் காப்பாற்றத் தெரிந்த டிங்கரிங்காரர்தான் இந்த வேலைக்கு முதல் தேவை. பெயின்டர் அப்புறம்.

துரு பாரம்பரியமாகுமா, அதையும் பாதுகாக்கச் சொல்கிறீர்களா என்று கேட்கலாம். இல்லை. துரு வண்டியைத் தின்கிறது, அதை எடுத்தே தீர வேண்டும். கடற்கரை ஊர்க் கார் என்றால் தரை ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கால் வைக்கும் பள்ளம், டிக்கியின் அடித்தளம், சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் ஆகிய இடங்களில்தான் ஹெரால்டு முதலில் அரிக்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் தட்டினால் நல்ல இரும்பு ‘டங்’ என்று சொல்லும், செத்த இரும்பில் நுனி உள்ளே இறங்கும். இறங்கிய இடத்தையெல்லாம் வெட்டுங்கள். ஆனால் கூரையிலும் கதவின் மேற்பாதியிலும் பெயின்ட் மங்கியிருப்பதைத் தவிர வேறு குறை இல்லையென்றால் ஏன் சுரண்ட வேண்டும்? அன்றைய பெயின்ட்டின் மேல் இன்றுபோல் கிளியர் கோட் கிடையாது, பொறுமையாக பாலிஷ் போட்டால் பெருமளவு மீண்டுவிடும். சுரண்டி, பட்டி பூசி, புதுப் பெயின்ட் அடித்துவிட்டால் அந்த ஆலையின் கைவேலை என்னவென்று தெரிந்துகொள்ள அந்த வண்டியில் எதுவும் மிஞ்சாது. ஆலையோ 1980-களின் இறுதியிலேயே மூடப்பட்டுவிட்டது.

உலக அளவில் பழங்கார் அறிஞர்களும் இந்த முடிவுக்கே வந்திருக்கிறார்கள். கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான 1964 வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்டு, சர்வதேசப் பழங்கால வாகனக் கூட்டமைப்பான ஃபீவா டுரின் சாசனத்தை வகுத்தது. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் அதில் முதல் கடமை, புதுப்பிப்பது கடைசியில்தான். செய்த மாற்றத்தைப் பின்னால் வருகிறவர் நீக்க வழி இருக்க வேண்டும், புதிதாகச் சேர்த்தது எது என்று தெரிய வேண்டும் என்கிறது அது. வண்டியை ஓட்டாமல் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. ஓட்டுவதும் பாதுகாப்பின் ஒரு பகுதி என்றே கருதுகிறது.

அடுத்த எதிர்ப்பு கொஞ்சம் வலுவானது. நடுவழியில் நிற்காத கார் வேண்டும், 948 சி.சி. எஞ்சினைத் தூக்கிவிட்டு மாருதி எஞ்சின் வைத்தால் என்ன என்கிறார்கள். எஞ்சின் மாற்றியதால் மட்டுமே காயலான் கடையிலிருந்து தப்பிய பழைய கார்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தையும் பாருங்கள். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. 2021-ல் வந்த பழங்கால வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த காருக்குத் தனி அங்கீகாரம் உண்டு. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஹெரால்டு உற்பத்தி 1970-களின் தொடக்கத்திலேயே நின்றுபோனதால் வயதுத் தகுதிக்குக் குறையில்லை. ஆனால் சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்த அங்கீகாரம் கிடையாது. அங்கீகாரம் பெற்ற வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கும் ஓட்டக்கூடாது; கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். எஞ்சினை மாற்றுகிறவர் இந்தக் கதவைத் தன் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்தே சாத்துகிறார். பழைய எஞ்சினுக்கு லேத்தில் போர் போட்டு, புது பிஸ்டன் போட்டால் அது இன்னும் பல ஆண்டு ஓடும்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் பழமைக்குச் சலுகை தர மாட்டேன். ஹெரால்டின் பிரேக் ஒரே சுற்றில் இயங்குவது. எங்காவது ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரமும் கைவிடும். எனவே பிரேக் ஹோஸ், சிலிண்டர் ரப்பர் எல்லாவற்றையும் யோசிக்காமல் மாற்றுங்கள், அவை தேய்வதற்கென்றே உள்ள சாமான்கள். பின்சக்கர அமைப்பு, வளைவில் வேகமாகத் திரும்பினால் சக்கரத்தை உள்ளே மடக்கும் சுபாவம் உடையது. அதை மெதுவாக ஓட்டித்தான் சமாளிக்க வேண்டும். பெட்ரோலும் மாறிவிட்டது. 2000-த்தில் ஈயம் போனது, இப்போது 20 சதவீதம் எத்தனால் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் பெட்ரோல் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் கட்டாயம். சிலிண்டர் ஹெட்டை இறக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் போட்டுவிடுங்கள். இவை எதுவும் காரின் தோற்றத்தையோ இயல்பையோ மாற்றுவதில்லை. புகை பற்றிய குற்றச்சாட்டு நியாயமானது. இந்தக் காரை தினமும் ஆபீசுக்கு எடுத்துப்போகக் கூடாது என்பதே அதற்கு என் பதில்.

ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பும் முன் ஆவணத்தைக் கவனியுங்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 3 மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தாத்தா பெயரிலேயே ஆர்.சி. புத்தகம் கிடக்கும் வீடுகளில், வாரிசுகள் எல்லோரும் ஒத்துழைக்கும் நிலையில் இருக்கும்போதே இதை முடித்துவிடுவது நல்லது. பிறகு சேஸிஸ் எண், எஞ்சின் எண், ஒவ்வொரு பக்கம் என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: கழற்றும் சாமான் ஒவ்வொன்றும், உடைந்ததே ஆனாலும், சீட்டு கட்டி வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும்.

(தொடரும்)