டாக்குரியா ஏரிக்கரை: போர்க்காலமும் பந்தல்காலமும்

ரவீந்திர சரோபர் என்று 1958-லேயே பெயர் மாற்றியாயிற்று. ஆனாலும் லேக் மார்க்கெட் தமிழர்கள் உட்பட தென் கொல்கத்தாக்காரர்களுக்கு அது இன்னமும் 'லேக்'தான். வயதானவர்களுக்கு டாக்குரியா லேக். சதுப்பும் புதருமாகக் கிடந்த 192 ஏக்கரைக் கல்கத்தா மேம்பாட்டு டிரஸ்ட் எடுத்து, 1920-களில் வெட்டிய ஏரி. தண்ணீர் மட்டும் 73 ஏக்கர். விடியற்காலையில் போனால் துடுப்புப் படகு, யோகா, நடைப்பயிற்சிக்காரர்களின் அரசியல் சண்டை எல்லாம் கிடைக்கும். அங்கே ஒரு போர் வந்து தங்கிப் போனதற்கு மட்டும் தடயம் கிடைக்காது.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும், கல்கத்தா பர்மா போர்முனையின் பின்கட்டாக மாறியது. ஏரியைச் சுற்றியிருந்த வெற்றிடத்தில் ராணுவக் குடியிருப்புகளும் மருத்துவமனையும் எழுந்தன. அந்த ஆண்டு டிசம்பர் 20 இரவு நகரின் மேல் முதல் குண்டு விழுந்தது. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் ஹவுரா ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். அடுத்த வருடம் பஞ்சம். ஏரிக்கரையில் சிப்பாய்க்குக் கட்டிலும் மருந்தும் இருக்க, நகரத்து நடைபாதைகளில் கிராமத்து ஏழைகள் சோறு கேட்கவும் துணியாமல் வடித்த கஞ்சித் தண்ணீர் கேட்டு நின்றார்கள். செத்தவர்கள் முப்பது லட்சம் வரை இருக்கலாம் என்கிறார்கள்.

பட்டாளம் போன பிறகு அந்தக் கட்டடங்கள் சும்மா கிடக்கவில்லை. கொஞ்ச காலம் அங்கே லேக் மெடிக்கல் காலேஜ் நடந்தது. அதற்குள் நாடு பிரிந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் யாரையும் கேட்காமல் லேக் பாரக்குகளுக்குள்ளும், பக்கத்திலிருந்த ஜோத்பூர் கிளப் பாரக்குகளுக்குள்ளும் புகுந்து அடுப்பு மூட்டினார்கள். சற்றுத் தெற்கே யாதவ்பூரில் கைவிடப்பட்ட ராணுவ முகாம் ஒன்று அப்படியே பிஜய்கட் காலனியாக வளர்ந்தது. இன்று அங்கே வீட்டு விலை கேட்டால் தலை சுற்றும்.

இதே வயதுள்ள இன்னொரு போர்க்காலக் கட்டடத்தைப் பிரான்ஸில் பார்த்தேன். போர்தோ நகரத்து நீர்மூழ்கிக் கப்பல் தளம். 1941-43-இல் ஜெர்மானியர் கட்டியது. போர் முடிந்தும் அந்தக் கான்கிரீட் மலையை இடித்துத் தள்ள வழியில்லாமல் போயிற்று. 2020 ஜூனில் அது 'பாசாந் தெ லுமியேர்' என்ற பெயரில் டிஜிட்டல் ஓவியக்கூடமாகத் திறந்தது. நான்கு நீர்த்தொட்டிகள், ஒவ்வொன்றும் 110 மீட்டர் நீளம், 22 மீட்டர் அகலம். சுமார் 90 புரொஜெக்டர்கள் சுவரெங்கும் ஓவியங்களை ஓடவிடுகின்றன. குஸ்டாவ் கிளிம்ட்டும் பால் கிளேயும்தான் தொடக்கக் காட்சிகள். சுவரிலிருந்து வழியும் பொன்னிறம் கீழே கறுத்த தண்ணீரில் இன்னொரு தரம் விரிகிறது. நடைபாலத்தில் நிற்கிறவனுக்கு மேலெது கீழெது என்று தெரியாது. குழந்தைகள் ஓடுகிறார்கள், பெரியவர்கள் போனைத் தூக்குகிறார்கள். ஓவியத்தை இப்படிப் பெரிதாக்கினால் தூரிகைத் தடம் செத்துப்போகும் என்பது என் கட்சி. ஆனாலும் அழகு அழகுதான், மறுக்க மாட்டேன். அந்தக் கான்கிரீட்டைக் கொட்டியவர்களில் ஃபிராங்கோவுக்குத் தப்பி வந்த ஸ்பெயின் குடியரசுவாதிகள் ஆயிரக்கணக்கானோர், கட்டாய வேலையாட்களாக. அவர்களுக்கு வெளியே ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. டிக்கெட் வரிசை அதன் பக்கம் திரும்பவில்லை.

டாக்குரியாவில் அப்படி ஒரு கூடம் ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றும். இங்கே போர்க்காலக் கட்டடத்துக்குக் காட்சிப் பொருளாகிற அளவு ஓய்வு கிடைக்கவே இல்லை என்பதுதான் பதில். கூரை கிடைத்தால் போதும் என்று ஒரு கூட்டம் வாசலில் நின்றது. அகதிக் குடும்பத்தின் அடுப்புக்கு இடம் கொடுத்ததைவிட அந்தப் பாரக்குகளுக்கு வேறென்ன நல்ல கதி இருந்திருக்க முடியும்?

தவிர, ஒளியும் ஒலியுமாய் ஆளையே உள்ளே இழுத்துக்கொள்ளும் கலையைக் கொல்கத்தாவுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். துர்கா பூஜைக்கு டாக்குரியா பாபுபாகானுக்கோ ஜோத்பூர் பார்க்குக்கோ வந்து பாருங்கள். மூங்கில், துணி, சணல், விளக்கு. உள்ளே நுழைந்தால் வேறொரு உலகம். ஐந்தாறு நாளில் அவிழ்த்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். 2021-இல் யுனெஸ்கோ இந்தப் பூஜையைத் தன் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. பந்தல் கைவினைஞர்களில் பலர் மேதினிப்பூர்க்காரர்கள். 1943-இல் ஓவியர் சித்தபிரசாத் பசியை நடந்து பார்த்து வரைந்த அதே மேதினிப்பூர். அதிலிருந்து பிறந்த 'ஹங்ரி பெங்கால்' புத்தகத்தைப் பிரிட்டிஷ் அரசு பறித்து எரித்தது. இன்னொரு ஓவியர் ஜைனுல் ஆபிதீன் கல்கத்தாத் தெருப் பிணங்களை மட்டமான பொட்டலக் காகிதத்தில் மையால் வரைந்ததும் அந்த வருடம்தான். கல்கத்தா குரூப் என்ற கலைஞர் குழு பிறந்ததும் அப்போதே. அதில் பரிதோஷ் சென், கோபால் கோஷ், பிரதோஷ் தாஸ்குப்தா மூவரும் நம் சென்னைக் கலைப்பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் படித்தவர்கள்.

ஏரிக்கு எதிரே சதர்ன் அவென்யூவில் 1967 முதல் பிர்லா கலைக்கூடம் இருக்கிறது. புரொஜெக்டர் வாங்குவதற்கும் இன்று பெரிய காசு ஆகாது. கிளிம்ட்டை இறக்குமதி செய்வதற்கு முன், அந்த 1943 கோடுகளை ஒரே ஒரு மாலை ஏரிக்கரைச் சுவர் ஒன்றில் ஓடவிடுங்கள். அதற்கும் முன்னால், இங்கே ஒரு போர் மருத்துவமனை இருந்தது, பிறகு அகதிகள் வாழ்ந்தார்கள் என்று வங்காள மொழியில் இரண்டு வரி எழுதிய பலகை ஒன்றை நடுங்கள். நான் நடக்கும் பாதையில் இதுவரை அப்படியொன்று கண்ணில் படவில்லை.